‘ஆறு கிழமை கழித்து வாங்க’: சதையியில் நீர்க்கட்டி உள்ளவரை வீட்டில் பார்த்துக்கொள்வது எப்படி

நான் சத்திரசிகிச்சை வார்ட்டில் தாதி. தேயிலைத் தோட்டத்திலிருந்து வருகிறவர்களுக்கு எப்போதும் ‘மிஸி’. வயிற்றை வெட்டித் தைத்து அனுப்பியவர்களின் வீட்டுக்காரர்கள் என்னிடம் அவ்வளவாகக் கேள்வி கேட்பதில்லை. வெட்டாமல் திருப்பி அனுப்பப்பட்டவர்களின் மனைவிமார்தான் கேட்பார்கள். “உள்ளுக்குத் தண்ணிக் கட்டி இருக்குன்னு சொன்னாங்க மிஸி. ஒன்னும் செய்யாம ஆறு கிழமை கழிச்சு வரச் சொல்லிட்டாங்க. தோட்டத்து ஆளுங்கதானேன்னு விட்டுட்டாங்களா?”

அந்தச் சந்தேகம் எங்கே இருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். நானும் லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், வளர்ந்தவள்தான். ஆனால் இந்த வருத்தத்தில், ஆள் நன்றாக இருக்கும்வரை கை வைக்காமல் பொறுத்திருப்பதே பெரும்பாலும் சரியான வைத்தியம். பணக்காரர் கொழும்பில் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் இதையேதான் சொல்வார்கள். ஒன்று மட்டும், அந்த ஆறு கிழமையும், அதாவது ஆறு வாரமும், சும்மா இருக்கிற காலம் இல்லை. கிளினிக்கில் டொக்டர் பார்ப்பது பத்து நிமிஷம். மிச்ச நேரமெல்லாம் பார்ப்பது நீங்கள். எதைப் பார்க்க வேண்டும் என்று யாரும் உட்கார்ந்து சொல்லித் தருவதில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள்

சதையி, அதாவது கணையம், இரைப்பைக்குப் பின்னால் முதுகெலும்பை ஒட்டிக் குறுக்காகக் கிடக்கிறது. சாப்பாட்டைச் செரிக்க வைக்கும் நீரை அது சுரக்கிறது. சாராயம், கசிப்பு என்கிற கள்ளச்சாராயம், பித்தப்பைக் கல், இவற்றில் ஏதோ ஒன்றால் சதையி வீங்கினால் அந்த நீர் போக வேண்டிய குழாயில் போகாமல் வெளியே கசியும். இரத்தத்தில் கொழுப்பு மிக அதிகமாக இருந்தாலும் இப்படி வரும். அப்போதுதான் மேல்வயிற்றில் பிடித்து முதுகு வரை குத்தும் அந்த வலி. படுக்க முடியாது, முன்னால் குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் சுகம். தோட்டத்தில் இதை ‘வாய்வுக் குத்து’ என்று சொல்லி ஓமத்தண்ணி கொடுத்து, விடியும்வரை வைத்திருந்து கொண்டுவருவார்கள். ரத்தத்தில் அமிலேஸ் என்கிற செரிமான நொதி வழமையான உச்ச அளவைப் போல மூன்று மடங்கைத் தாண்டியிருந்தால் சதையி அழற்சி என்று டொக்டர்மார் ஏறக்குறைய முடிவுக்கு வந்துவிடுவார்கள்.

கசிந்த நீர் சதையியைச் சுற்றித் தேங்கும். நிறையப் பேருக்கு அது சில கிழமைகளில் தானாகவே உறிஞ்சிப் போய்விடும். போகாமல் நின்றால் உடம்பு அதைச் சுற்றி நார் மாதிரி ஒரு சுவரைக் கட்டுகிறது. நாலு கிழமை தாண்டி, சுவரும் கட்டி, உள்ளே வெறும் நீர் மட்டும் இருந்தால்தான் அதற்குச் ‘சூடோசிஸ்ட்’ என்று பெயர். உண்மையான கட்டிக்கு உள்ளே தோல் போல ஒரு படை இருக்கும், இதற்கு அது கிடையாது, அதனால்தான் பொய்க்கட்டி. இது புற்றுநோய் இல்லை. சதையி அழற்சியை டொக்டர்மார் வகை பிரிக்கிற அட்லாண்டா வகைப்பாட்டை 2012இல் திருத்தியபோது இந்த நாலு கிழமைக் கணக்கை உறுதியாக வைத்தார்கள். சதையியே செத்து அழுகிய துண்டுகள் உள்ளே கிடந்தால் அது வேறு வகை, வைத்தியமும் வேறு. ஸ்கேன் பார்க்கிற டொக்டர் இந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல இவ்வளவு மெனக்கெடுவது அதற்காகத்தான்.

ஏன் உடனே ஊசி போட்டு எடுக்கக்கூடாது? ஈரக் களிமண் சுவரில் ஆணி அடித்தால் நிற்குமா? சுவர் இறுகாத கட்டியைத் தைக்கவும் முடியாது, இரைப்பையோடு இணைக்கவும் முடியாது. கரைந்து போகக்கூடிய ஒன்றைக் குத்தி, கிருமியை உள்ளே விட்ட கதையாகவும் ஆகிவிடலாம்.

முந்தி ஆறு சென்டிமீட்டருக்கு மேல், ஆறு கிழமைக்கு மேல் என்றால் கட்டாயம் ஒப்பரேஷன் என்று ஒரு கணக்கு இருந்தது. இப்போது அதை அப்படியே பிடித்துக்கொண்டு நிற்பதில்லை. பெரிய கட்டி தானாகக் கரைவது குறைவு என்பது உண்மைதான். ஆனாலும் பத்து சென்டிமீட்டர் கட்டியோடு வலி இல்லாமல் சாப்பிட்டுத் திரிகிறவரை விட்டுவைத்துப் பார்க்கலாம். சின்னக் கட்டியோடு வாந்தி நிற்காதவரை விட்டுவைக்க முடியாது. சென்டிமீட்டர் எத்தனை என்று பயப்படுவதை விட, ஆள் எப்படி இருக்கிறார் என்று பாருங்கள்.

கார்ட்டும் படமும்

வீட்டுக்கு அனுப்பும்போது தரும் டயக்னோசிஸ் கார்ட்டில் மூன்று விஷயம் தேடுங்கள்: வலி தொடங்கிய திகதி, கட்டியின் அளவு, காரணம் என்ன என்று எழுதியிருக்கிறார்கள். கிழமைக் கணக்கு வலி தொடங்கிய நாளிலிருந்து ஓடுகிறது, ஆஸ்பத்திரியை விட்டு வந்த நாளிலிருந்து இல்லை. எழுத்து விளங்காவிட்டால் வார்ட்டை விட்டு இறங்க முன்னமே கேளுங்கள். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம். சிங்களத்தில் சொன்னது புரியவில்லை என்றால் தமிழ் தெரிந்த ஒரு மிஸியையோ அட்டென்டனையோ கூப்பிடச் சொல்லுங்கள். தலையை மட்டும் ஆட்டிவிட்டு வராதீர்கள்.

கார்ட்டைப் போனில் படம் எடுத்து, வீட்டில் இன்னொருவர் போனுக்கும் அனுப்பி வையுங்கள். சி.டி. படத்தை உருட்டி அடுப்படி மேல் செருகி வைத்து, அடுத்த கிளினிக்குக்கு விரித்தால் புகையும் ஈரமும் ஏறி ஒட்டிக்கொண்டு வரும் படங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தட்டையாக, பொலித்தீன் உறையில், அலுமாரியில் வையுங்கள். பழைய படம் இல்லாவிட்டால் கட்டி வளர்ந்ததா சுருங்கியதா என்று ஒப்பிட முடியாது.

கார்ட்டில் எழுதியிருப்பது சரியா என்று ஒன்றை மட்டும் நீங்களும் யோசியுங்கள். முன்னர் அப்படி ஒரு கடும் வலி வரவேயில்லை, குடிப்பழக்கம் இல்லை, கல் இல்லை, வயிற்றில் அடிபடவும் இல்லை, ஆனால் ஸ்கேனில் மட்டும் சதையியில் நீர்க்கட்டி தெரிந்தது என்றால், அதைப் பொய்க்கட்டி என்று விட்டுவிடக்கூடாது. சில கட்டிகள் பின்னாளில் புற்றாக மாறக்கூடியவை, பெண்களிடம் கூடுதல். “எனக்கு முந்தி அந்த வலி வந்ததே இல்லை டொக்டர்” என்று வாய் திறந்து சொல்லுங்கள். அந்த ஒரு வசனம் வைத்தியத்தின் பாதையையே மாற்றும்.

காத்திருக்கும் கிழமைகளில்

சாப்பாடு. மூன்று வேளை வயிறு நிறையச் சாப்பிடுவதை விட்டு, ஐந்து ஆறு தடவையாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். கட்டி இரைப்பையைப் பின்னாலிருந்து அழுத்துகிறது, இடம் குறைவு. கொழுப்புத்தான் சதையிக்கு வேலை வைக்கும். நம் வீட்டில் கொழுப்பு ஒளிந்திருப்பது இறைச்சியில் குறைவு, தேங்காயில்தான் அதிகம். ரொட்டி மாவுக்குள் தேங்காய்ப்பூ, தொட்டுக்கொள்ளத் தேங்காய்ச் சம்பல், கறிக்குத் தலைப்பால். ரொட்டியைத் தேங்காய் போடாமல், எண்ணெய் தடவாத கல்லில் சுடுங்கள். கறிக்கு இரண்டாம் பால் போதும். பருப்பைத் தாளிக்காமல் குழைய வேகவைத்து, சோற்றோடு பிசைந்து கொடுக்கலாம். நெத்தலியைப் பொரிக்காமல் குழம்பில் போடுங்கள். முட்டை அவித்தது நல்லது. பட்டினி போடாதீர்கள். “வயிற்றுக்கு ஓய்வு” என்று வெறும் பிளேன்டீயிலும் பிஸ்கட்டிலும் வைத்திருந்து ஆளை எலும்பாக்கிக் கொண்டுவருகிறார்கள். சுவர் இறுகுவதற்கும் பிறகு ஒப்பரேஷன் தாங்குவதற்கும் உடம்பில் சத்து வேண்டும்.

கிழமைக்கு ஒரு தடவை தோட்டத்து மருந்தகத்தில் நிறை பாருங்கள், ஒவ்வொரு முறையும் அதே தராசில். கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் திகதியோடு எழுதுங்கள். நிறை இறங்கிக்கொண்டே போனால் கிளினிக் திகதி வரும்வரை இருக்க வேண்டியதில்லை.

குடி. ஒரு சொட்டும் கூடாது, அதில் பேரம் இல்லை. “கசிப்பை விட்டுட்டேன், பியர் மட்டும்” என்பார்கள். சதையிக்குப் போத்தலில் ஒட்டிய லேபல் தெரியாது. சம்பள நாளும் திருவிழாவும் வருகிற கிழமைகளை முன்கூட்டியே பார்த்து வையுங்கள், கூட்டாளிமார் வீட்டு வாசலுக்கு வருவது அப்போதுதான். பீடி, சிகரெட்டும் சதையியைத் தனியாகக் கெடுக்கும். இதை ஏனோ யாரும் சொல்வதில்லை.

இன்னொன்று. தினமும் குடித்தவர் ஒரேயடியாக நிறுத்தினால் இரண்டாம் மூன்றாம் நாளில் கை நடுங்கும், வேர்க்கும், சுவரில் பூச்சி ஓடுகிறது என்பார், வலிப்பும் வரலாம். வார்ட்டில் இதைப் பார்த்துவிட்டு “பேய் பிடிச்சிருச்சு, பூசாரிகிட்ட கொண்டுபோகணும்” என்று கையெழுத்துப் போட்டுக் கூட்டிக்கொண்டு போக நின்ற குடும்பங்கள் உண்டு. அதற்கு மருந்து இருக்கிறது. முதல் நாளே அவர் எவ்வளவு குடிப்பார் என்று உண்மையைச் சொல்லிவிடுங்கள். நாங்கள் தோட்டத்துக்கு எழுதிப் போட மாட்டோம்.

வயிறு உருவுவது. குடல் ஏறிவிட்டது என்று எண்ணெய் பூசித் தட்டி உருவுகிற பாட்டிமார் எல்லாத் தோட்டத்திலும் இருக்கிறார்கள். கை ராசியான பாட்டியாகவே இருக்கட்டும், இந்த வயிற்றில் கை வைக்க விடாதீர்கள். அழுத்தத்தில் கட்டி உடையலாம். அதே காரணத்துக்காக விறகு சுமப்பது, உர மூட்டை தூக்குவது, பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போவது எல்லாம் கொஞ்ச நாள் வேண்டாம். நடக்கலாம், நடக்க வேண்டும்.

வலி மருந்து. பனடோல் 500 மில்லிகிராம் குளிசை என்றால் ஒரு தடவைக்கு இரண்டு, 24 மணித்தியாலத்தில் எட்டுக்கு மேல் போகவே கூடாது. மெலிந்தவருக்கும் ஈரல் கெட்டவருக்கும் அதையும் விடக் குறைவு, டொக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கடையில் கலந்து கட்டித் தரும் ‘வலிக் குளிசை’ வேண்டாம். டைக்ளோஃபினக் போன்றவை இரைப்பையைப் புண்ணாக்கி ரத்தம் கசிய வைக்கும், பிறகு ரத்தம் கட்டியிலிருந்து வந்ததா இரைப்பையிலிருந்து வந்ததா என்று நாங்கள் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டும்.

எப்போது ஆஸ்பத்திரிக்கு இறங்க வேண்டும்

இதில்தான் உயிர் இருக்கிறது. காத்திருக்கச் சொன்னார்கள் என்று இதற்கும் காத்திருக்கக்கூடாது.

மிகவும் பயப்பட வேண்டியது ரத்தக்கசிவு. கட்டிக்குள் இருக்கும் செரிமான நீர் பக்கத்தில் ஓடும் ரத்தக்குழாயின் சுவரை அரித்துக்கொண்டே இருக்கும், பெரும்பாலும் மண்ணீரலுக்குப் போகும் நாடியை. ஒரு நாள் அது பிய்த்துக்கொள்ளும். மஸ்கெலியாப் பக்கத்து அண்ணன் ஒருவர், மறுநாள் வீட்டுக்குப் போக இருந்தவர், காலையில் முகம் கழுவப் பைப்படிக்குப் போனார். குவளையைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகச் சுவரோடு உட்கார்ந்தார். விழவில்லை, கத்தவில்லை. நெற்றியில் முத்து முத்தாக வேர்வை, உதடு வெளுத்துப் போயிருந்தது. “தலை சுத்துது மிஸி, பசியா இருக்கும்” என்றார். நாடித்துடிப்பு நிமிஷத்துக்கு நூற்று முப்பதில் ஓடியது. வயிறு முந்தைய நாளை விட உப்பியிருந்தது. அவர் வார்ட்டில் இருந்ததால் ரத்தம் ஏற்றி, கண்டிக்கு அனுப்பி, தொடை வழியாகக் குழாய் விட்டு அந்த நாடியை அடைத்தார்கள். இதே லயத்தில் நடந்திருந்தால் பசி என்று ஒரு தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துப் படுக்க வைத்திருப்பார்கள்.

ஆகவே: திடீர் மயக்கம், வெளுப்பு, குளிர்ந்த வேர்வை, வயிறு திடீரென்று பெருத்தல், ரத்த வாந்தி, தார் போலக் கறுத்து நாறும் மலம். இதில் ஒன்று இருந்தாலும் உடனே இறங்குங்கள். இரும்புச் சத்துக் குளிசை குடித்தாலும் மலம் கறுக்கும், ஆனால் அப்படி ஒட்டும் பிசினாகவோ அந்த நாற்றத்தோடோ இருக்காது. சந்தேகம் என்றால் இறங்கிவிடுங்கள், திட்டு விழாது.

அடுத்தது காய்ச்சல். உதறல் எடுத்துக் காய்ச்சல் வந்தால் கட்டிக்குள் சீழ் பிடித்திருக்கலாம். மலையில் குளிர் காலத்தில் எல்லாருக்கும் தடிமன் காய்ச்சல்தான் என்றாலும், இவருக்கு மட்டும் அந்தக் கணக்கு செல்லாது. அன்றைக்கே காட்டுங்கள்.

கட்டி உடைந்தால் இரண்டு விதம். வயிற்றுக்குள் உடைந்தால் வயிறு முழுவதும் பலகையாக இறுகி, தொட விடமாட்டார். அதுவும் உடனே இறங்க வேண்டியதுதான். குடலுக்குள் உடைந்தால் சிலருக்கு வயிற்றோட்டத்தோடு கட்டி சுருங்கிச் சுகமாகவும் போகும். அப்படிச் சுகமானாலும் அன்றே ஆஸ்பத்திரியில் காட்டுங்கள், கூடவே ரத்தமும் கசியலாம். நீர் மெதுவாகக் கசிந்து நெஞ்சுக்கூட்டுக்குள் சேர்ந்தால், பெரும்பாலும் இடப்பக்கம், மூச்சு வாங்கும். ஏற்றத்தில் மூச்சு வாங்குவது நமக்கெல்லாம் வழமை. படுக்கையிலும் வாங்கினால்தான் பிரச்சினை.

மெதுவாக வருபவை: சாப்பிட்டது எல்லாம் சில மணித்தியாலம் கழித்து அப்படியே வாந்தியாக வருவது, அதாவது கட்டி இரைப்பையின் வாயை அடைத்துவிட்டது. கண் மஞ்சளாகி, சிறுநீர் கடும் தேத்தண்ணி நிறத்தில் போவது, பித்தக்குழாயை அழுத்துகிறது. இவை ஓரிரு நாளுக்குள் காட்ட வேண்டியவை. மஞ்சளோடு காய்ச்சலும் என்றால் உடனே. மண்ணீரல் நாளத்தில் ரத்தம் உறைந்து, இரைப்பையில் நாளங்கள் புடைப்பதும் உண்டு. அது வெளியே தெரியாது, ஸ்கேனில்தான் தெரியும்.

இறங்குவது எப்படி என்று சுகமாக இருக்கும்போதே பேசி வையுங்கள். 1990 சுவசெரிய அம்பியுலன்ஸ் இலவசம். தோட்டத்தின் பெயரை மட்டும் சொல்லாமல், எந்த டிவிஷன், பிரதான வீதியிலிருந்து எந்தச் சந்தியில் திரும்ப வேண்டும், பக்கத்தில் கோயிலா, ஸ்டோரா, பிள்ளைகளை விட்டுவிட்டு வேலைக்குப் போகிற பிள்ளை மடுவமா என்று சொல்லுங்கள். மேல் டிவிஷன் ரோட்டில் வண்டி ஏறாது என்றால் தோட்டத்து லொறியிலோ த்ரீவீலிலோ பாதி வழி கொண்டுவந்து வைத்துவிட்டுக் கூப்பிடுங்கள். யாருடைய வண்டி இரவில் வரும், அவர் போன் நம்பர் என்ன என்பதைச் சுவரிலேயே எழுதி ஒட்டுங்கள். ஆளை நடக்க விடாதீர்கள், குடிக்கவும் சாப்பிடவும் கொடுக்காதீர்கள், மயக்க மருந்து தேவைப்படலாம். கார்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். போன உடனே, “சதையியில் கட்டி இருக்கிறவர், இப்போது மயக்கம்” என்று முதல் வசனத்திலேயே சொல்லுங்கள். “வயிற்று வலி” என்று மட்டும் சொன்னால் வரிசையில் உட்கார வைப்பார்கள்.

கிளினிக் நாளில்

முதல் கேள்வி: கட்டி சுருங்கியதா? சுருங்கினால் அடுத்த ஸ்கேன் எப்போது என்று மட்டும் கேட்டுக்கொண்டு வாருங்கள். இல்லை, வலியும் வாந்தியும் இருக்கிறது என்றால் நீரை எடுக்கும் பேச்சு வரும். இப்போது விரும்பிச் செய்வது வாய் வழியாகக் கெமரா விட்டு, இரைப்பைச் சுவரில் துளை போட்டு, கட்டிக்கும் இரைப்பைக்கும் நடுவில் ஒரு சின்னக் குழாயை வைப்பது. நீர் இரைப்பைக்குள் வடிந்துவிடும், வயிற்றில் வெட்டே இருக்காது. எல்லா ஆஸ்பத்திரியிலும் இந்த வசதி இல்லை, கண்டிக்கோ கொழும்புக்கோ துண்டு எழுதி அனுப்புவார்கள். அது முடியாத இடத்தில் வயிற்றைத் திறந்தோ துளை வழியாகவோ கட்டியை இரைப்பையோடு அல்லது குடலோடு இணைத்துத் தைப்பார்கள். சீழ் பிடித்து ஆள் மோசமாக இருந்தால் வெளியிலிருந்து தோல் வழியாகக் குழாய் போடுவார்கள். அந்தக் குழாயோடு வீட்டுக்கு வந்தால் பையில் சேரும் அளவையும் நிறத்தையும் தினமும் எழுதுங்கள். அந்த நீர் பட்டால் தோல் வெந்துபோகும், சுற்றி ஈரம் இருக்க விடாதீர்கள். சில பேருக்கு நீர் வருவது இலேசில் நிற்காது, அதனால்தான் இந்த முறையை முதலாவதாக எடுக்கத் தயங்குகிறார்கள்.

உள்ளே வைத்தது உலோகக் குழாயா பிளாஸ்டிக் குழாயா என்று கேட்டுக் கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். உலோகக் குழாயைப் பொதுவாக ஒரு மாதம் அளவில் எடுத்துவிட வேண்டும், கட்டி வற்றிய பிறகும் கிடந்தால் அதுவே நாடியை உரசி ரத்தம் வர வைக்கும். “வலி இல்லையே, ஒரு நாள் பேர், ஒரு நாள் சம்பளம் போகுமே” என்று அந்தத் திகதியைத் தள்ளிப்போடுகிறவர்களை நினைத்தால்தான் எனக்குக் கோபம் வரும்.

பித்தப்பைக் கல்லால் வந்தது என்றால் பித்தப்பையை எடுக்கும் திகதியையும் கேட்டு வாங்குங்கள். கட்டி கரைந்தது, கல் அப்படியே இருக்கிறது என்றால் அடுத்த தாக்குதல் எப்போது வேண்டுமானாலும் வரும். சைக்கிள் ஹேன்டில் வயிற்றில் குத்திய பிள்ளைகளுக்கும் இந்தக் கட்டி வருவதுண்டு. விழுந்து சில கிழமை கழித்து வாந்தியும் வயிறு உப்பலும் வந்தால் அந்தப் பழைய விழுகையை டொக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

கட்டி போன பிறகும் இரண்டைக் கவனியுங்கள். மலம் எண்ணெய்ப் பசையோடு மிதந்து, தண்ணீர் ஊற்றினாலும் இலேசில் போகாமல் இருந்தால் சதையி நீர் போதவில்லை. அதற்குச் சாப்பாட்டைச் செரிக்க வைக்கும் நொதிக் காப்சூல் இருக்கிறது, சாப்பாட்டோடு சேர்த்துத்தான் விழுங்க வேண்டும், வெறும் வயிற்றில் விழுங்கிப் பிரயோசனம் இல்லை. மற்றது சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. முந்தி இல்லாதவருக்கும் சதையி கெட்டதால் புதிதாக வரும். அடிக்கடி தாகம், இரவில் பல தடவை சிறுநீர், சாப்பிட்டும் மெலிவது என்றால் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்துச் சீனி பாருங்கள். ஒன்றும் இல்லாவிட்டாலும் வருஷத்துக்கு ஒரு தடவை பார்ப்பது நல்லது, தோட்டத்துக்கு நடமாடும் கிளினிக் வரும் நாளிலேயே கேட்டுப் பார்க்கலாம்.